குடும்பச் சூழ்நிலை காரணமாக

பொதுத்துறை வங்கிக் கிளைகளில் பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்த ஒருவரையாவது அநேகமாகப் பார்க்கலாம். மேலாளர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். இவர் இருப்பார். எந்த வாடிக்கையாளர் தவணை தவறினாலும் அறுவடைக்குப் பிறகு கட்டிவிடுவார், யாருடைய சிரித்த முகத்தை நம்பக் கூடாது என்பதையெல்லாம் புதிதாக வரும் அதிகாரிக்குச் சொல்லித் தருபவர் இவர்தான். ஊர்க்காரர்களுக்கு மேலாளர் பெயர் தெரியாமல் இருக்கலாம். இவர் பெயர் தெரியும்.

வந்தவாசிப் பக்கத்துக் கிளை ஒன்றின் பணக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் நானும் அந்த வகைதான். பி.எஸ்.ஆர்.பி. என்ற வங்கிப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி 1996இல் எழுத்தராகச் சேர்ந்தேன். ஐம்பதைத் தொட்டுவிட்டேன். இன்றும் எழுத்தர். பதவி உயர்வு வேண்டாமென்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். நடுவயதில் ஒருவர் ‘எனக்கு இது போதும்’ என்று சொல்லும்போது அதற்குள் என்னென்ன இருக்கிறது என்பதை அந்த வேறுபாட்டிலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன்.

முதல் கடிதம் 2007இல். தேர்வில் தேறி, நேர்காணலும் முடிந்து, பணியிட உத்தரவு கைக்கு வந்திருந்தது. ஜார்கண்டில் ஒரு கிளை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. மாமனார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். போகக் கூடாது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. எப்படிப் போவாய் என்றுதான் கேட்டார்கள். என் கணவருக்கும் ஏறத்தாழ அதே சமயத்தில் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊர். அவர் எப்படிப் போவார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பதவி உயர்வை ஏற்க இயலவில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு சில ஆண்டுகள் விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்று பதில் வந்தது.

அந்த நாட்களில் என்னைப் பார்த்தவர்கள், ‘இவளுக்கு ஆசை கிடையாது, இருக்கிறதை வைத்துத் திருப்தியாக இருப்பாள்’ என்று மெச்சினார்கள். அது என் காதில் விழும்போதெல்லாம் உடம்பு எரிந்தது. எனக்கு ஆசை இருந்தது. கிளை மேலாளராக உட்கார வேண்டும், கடன் விண்ணப்பத்தை நானே பார்த்து நானே ஒப்புதல் தர வேண்டும் என்று இருந்தது. எங்கள் வங்கியில் பதவி உயர்வை மறுத்த பெண் எழுத்தர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் மறுத்தது அடுத்த மாநிலத்துக்குப் போக முடியாததால்தான், பதவி வேண்டாம் என்பதால் இல்லை. அதைப் போய் மனநிறைவு என்று பெயரிட்டு மெச்சுவது பெரிய அநியாயம்.

இரண்டாவது கடிதம் நாற்பத்தொன்பது வயதில். பணிமூப்பு வரிசையில் பதவி உயர்வுக்கு விருப்பம் கேட்டுச் சுற்றறிக்கை வந்தது. மாமனார் காலமாகி வெகுநாட்கள் ஆகியிருந்தன. மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். “போயேன். ரிட்டயர் ஆனதும் நானும் அங்கயே வந்துடறேன்” என்று கணவரே சொன்னார். தடுக்க ஒன்றுமில்லை. நான் நன்றாக யோசித்தேன். விருப்பமில்லை என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், தற்போது பார்க்கும் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இதிலேயே தொடர விரும்புகிறேன் என்று எழுதினேன்.

மேலாளர் அதைப் படித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை, நல்லவர்.

“மேடம், இதை மாத்தி எழுதிக் குடுத்துடுங்களேன். ஃபேமிலி சர்க்கம்ஸ்டன்ஸஸ்னு போட்டா போதும்.”

“அப்படி ஒண்ணும் இல்லையே சார்.”

“எனக்குத் தெரியும் மேடம். ஆனா இப்படி எழுதினா மேல கேள்வி கேப்பாங்க. வேலை செய்யப் பிடிக்காம எழுதறாங்கன்னு நெனைப்பாங்க.”

“வேலை பிடிச்சிருக்குன்னுதானே சார் எழுதியிருக்கேன்.”

அவர் சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே அனுப்பிவிட்டார். மாற்றாமல் அனுப்பியதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. குடும்பத்தைக் காரணம் காட்டினால் உலகம் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறது. நோயைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும். ‘இந்த இடம் எனக்குச் சரியாக இருக்கிறது’ என்றால் மட்டும் எதையோ மறைக்கிறோம் என்று சந்தேகம் வருகிறது.

அந்த இடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மாத ஆரம்பத்தில் ஓய்வூதியக்காரர்கள் வருவார்கள். 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையை எடுக்க வரும் பாட்டிகள், பதினைந்தாம் தேதி வாக்கில் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை ஏறிவிட்டதா என்று கேட்க வரும் பெண்கள், நூறு நாள் வேலைக் கூலி எப்போது வரும் என்று என்னையே அரசாங்கமாக நினைத்துச் சண்டை போடுகிறவர்கள். கோரை அறுத்தும் நாற்று நட்டும் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. “யம்மா, இந்த மிஷினு என்ன செத்துட்டேன்னு சொல்லுதும்மா” என்று ஒரு அம்மா நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்றுக்கு வந்து அழுதார். ஈரத்துணியால் விரலைத் துடைத்து, கட்டை விரல் போனால் மோதிர விரல், அதுவும் போனால் அடுத்த கை என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் கிடையாது. பொறுமை வேண்டும், நேரம் வேண்டும், அந்த அம்மாவுக்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டும்.

கையெழுத்தும் அப்படித்தான். வயதானவரின் கையெழுத்து வருஷத்துக்கு வருஷம் சாய்ந்து, சுருங்கி, நடுங்கும். அந்த மாற்றத்தைக் கூடவே இருந்து பார்த்தவருக்குத்தான் இது அவர் கைதான் என்று தெரியும். புதியவர், ஒத்துப்போகவில்லை என்று காசோலையைத் திருப்பிவிடுவார். விதிப்படி அது சரியும்கூட. சில சமயம் கையெழுத்து கச்சிதமாக இருக்கும், விஷயம் கோணலாக இருக்கும். பெரியவர் ஒருவர் மகனோடு வந்து வைப்புத்தொகையை உடைத்துக் கேட்பார். மகனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, “ஐயா, இது உங்க விருப்பந்தானா?” என்று தனியாகக் கேட்பேன். சிலர் ஆமாம் என்பார்கள். சிலர் பேசாமல் ரசீதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். 2016 நவம்பர் 8ஆம் தேதிக்குப் பிறகு தெருவை அடைத்து வரிசை நின்ற நாட்களில் எங்கள் கிளையில் கைகலப்பு நடக்கவில்லை. தெரிந்த முகங்கள் கவுன்ட்டரில் இருந்தன என்பது அதற்கு ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த அறிவை வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆட்களைப் பற்றிய அறிவு அது. வெளிமாநிலக் கிளையில் அதற்கு மதிப்பில்லை. அங்கே எனக்குக் காத்திருப்பது இலக்குப் பட்டியல்: இந்த மாதம் இத்தனை காப்பீடு, இத்தனை பரஸ்பர நிதி, இத்தனை கடன் அட்டை. பிறர் அதைத் திறமையாகச் செய்கிறார்கள். நான் செய்தால் கைக்கு வந்த ஒரு வேலையை விட்டுவிட்டுக் கைக்கு வராத வேலையில் ஓய்வுபெறும்வரை தடுமாறுவேன். 1969இல், நம் நாட்டில் 14 வங்கிகள் நாட்டுடைமையான அதே ஆண்டில், லாரன்ஸ் பீட்டர் என்பவர் தம் பெயரிலேயே ஒரு விதியை எழுதினார். நிறுவனங்களில் ஒவ்வொருவரும் தமக்குத் தகுதியில்லாத நிலையை எட்டும்வரை உயர்த்தப்பட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது அதன் சாரம். பல கிளைகளில் அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதையெல்லாம் பேசினால் நேர்மையாகாது. 2024 மார்ச் 8இல் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தப்படி எழுத்தரின் அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாயில் தொடங்கி 64,480இல் நிற்கிறது. முதல்நிலை அதிகாரிக்கு 48,480இல் தொடங்கி 85,920வரை போகிறது. எழுத்தர் வரிசையின் மேல்முனைக்கு அருகில் இருப்பவர் அதிகாரியானால் முதலில் கூடுவது பெரிய தொகையில்லை. வெளிமாநிலத்தில் இரண்டாவது குடித்தனம் நடத்தினால் அதிலேயே போய்விடும். ஆனால் ஏறிக்கொண்டே போனால் ஓய்வூதியம்வரைக்கும் வித்தியாசம் தெரியும். எங்களுக்கு இரண்டாவது மனை கிடையாது. மகள் படிப்புக்கு வாங்கிய கல்விக் கடனை அவளே கட்டிக்கொண்டிருக்கிறாள். கல்யாண வீடுகளில், “இன்னும் கேஷ்லயேவா உக்காந்திருக்க?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் நோட்டு எண்ணக் கற்றுக்கொடுத்த பெண் இன்னொரு கிளையில் எனக்கு மேலதிகாரியாக வந்து ஆய்வு செய்தாள். அன்று மனதில் ஏதோ தைத்தது. சாயங்காலம்வரை இருந்தது. இப்படிச் சில நாட்கள் வரத்தான் செய்யும். நிறைவோடு இருப்பவருக்கு இந்த வலியெல்லாம் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்கு ஈடாக எனக்குக் கிடைத்தது மாலை நேரம். எழுத்தருக்கு ஆறரை மணி நேர வேலை. கணக்கு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் 2015 செப்டம்பரிலிருந்து விடுமுறை. சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலை, சமணத் தலமான திருமலையில் பதினாறடி உயரம் நிற்கும் நேமிநாதரை, மேல்சித்தாமூர் சமண மடத்தை எல்லாம் நான் பேருந்தில் போய்ப் பார்த்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான். நிறைய வாசித்தேன். நவீனத் தமிழ் இலக்கியம் இப்படிப்பட்ட மாலைகளுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை யாராவது விரிவாக எழுத வேண்டும். வண்ணதாசன் ஸ்டேட் வங்கியில் இருந்தார், லா.ச.ரா. பஞ்சாப் நேஷனல் வங்கியில், ஜெயமோகன் தொலைபேசித் துறையில். சிறுபத்திரிகைகளுக்குச் சந்தா கட்டிய கைகளிலும் எழுத்தர்களின் கைகள் நிறைய.

எங்கள் கிளைக்கு ஓய்வூதியம் வாங்க வரும் தமிழாசிரியர் ஒருவர் நயினார், தமிழ்ச் சமணர். நான் எழுதிக் கொடுத்தது ஊருக்குள் பரவி அவர் காதுக்கும் போயிருக்கிறது. கூட்டம் குறைந்த ஒரு மதியத்தில் என்னிடம் சமண இல்லறத்தாரின் ஐந்து நோன்புகளைப் பற்றிப் பேசினார். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நாடாமை. ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. தனக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு பணம், இவ்வளவு பண்டம் என்று ஒருவர் தாமே வரையறை செய்துகொண்டு அதற்கு மேல் சேர்க்காமலிருப்பது. “அளவை குரு சொல்ல மாட்டாரும்மா. நாமளேதான் சொல்லணும். அதனாலதான் அது கஷ்டம்” என்றார்.

அன்றிரவு குறளை எடுத்துப் பார்த்தேன். அவா அறுத்தல் 37ஆம் அதிகாரம். துறவறவியலின் கடைசியில் இருக்கிறது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை மூன்றும் 60, 61, 62 என்று பொருட்பாலில் வரிசையாக நிற்கின்றன. இல்லறவியலில் வெஃகாமை உண்டு, ஆனால் அது பிறர் பொருளைக் கவர நினையாமை. தன் உழைப்பால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய ஒன்றையே, எனக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று வீட்டில் இருந்துகொண்டே சொல்பவருக்கு அங்கே தனி அதிகாரம் இல்லை. ஆசையை விடுவது துறவியின் வேலை, முன்னேறுவது உலகத்தாரின் வேலை என்ற பிரிவினை நம் மனங்களில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உலகத்தில் இருந்துகொண்டே, சம்பளம் வாங்கிக்கொண்டே, தேங்காய்ச் சட்னிக்குக் காரம் போதவில்லை என்று சண்டையும் போட்டுக்கொண்டே ஒருவர் போதும் என்று சொன்னால் அவரை எங்கே வைப்பதென்று நமக்குத் தெரியவில்லை. சோம்பேறி என்கிறோம், அல்லது ஞானி என்று கேலி செய்கிறோம். குறளை இயற்றியவர் பொன்னூர் மலையில் தவமிருந்த குந்தகுந்தரே என்று தமிழ்ச் சமணர்கள் நம்புகிறார்கள். அந்த மலை எங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரம்தான். அந்த நம்பிக்கையின் வரலாற்று வழக்கு எப்படியானாலும், இல்லறத்தாருக்கென்று ஒரு ‘போதும்’ இந்த மண்ணில் இத்தனை காலமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது என்று அறிந்தது எனக்குப் பெரிய பலம்.

ஆனால் இந்த நோன்பை மேற்கொள்ள முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். எங்கள் கிளையில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன், காலனியிலிருந்து வங்கி வேலைக்கு வந்த முதல் ஆள், பதவி உயர்வை ஏற்றுப் பீகாருக்குப் போனான். வயதான அம்மாவை விட்டுவிட்டு ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். “நீங்க வேண்டாம்னு சொன்னா பெருந்தன்மைம்பாங்க அக்கா. நான் சொன்னா, இவனுக்கு முடியலன்னுவாங்க. என்னோட போகாது அது. அடுத்து வர்ற எங்காளுக்கும் அதைத்தான் சொல்லுவாங்க” என்றான். நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லை. பட்டியலினத்தவருக்குப் பதவி உயர்வில் இட ஒதுக்கீட்டை அரசியல் சட்டத்திலேயே காப்பாற்ற 1995இல் 77ஆவது திருத்தம் தேவைப்பட்ட நாடு இது. நூற்றாண்டுகளாக ‘உனக்கு இது போதும்’ என்று பிறர் அளந்து கொடுத்ததையே வாங்க வைக்கப்பட்ட மக்களிடம் போய் மனநிறைவின் பெருமையைப் பேசுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. இப்போது அவன் கிளை மேலாளர். நகைக் கடனுக்கு அவன் கிளைக்கு வரும் பெண்கள் நிற்காமல் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவன் ஏறியது நியாயம். நான் நின்றதும் நியாயம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது.

இளையவர்களுக்கும் இதே கதைதான். 2010 ஏப்ரலுக்கு முன் சேர்ந்ததால் எனக்கு உறுதியான ஓய்வூதியம் உண்டு. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் புதிய ஓய்வூதியத் திட்டம், சந்தை தருவதுதான் மிஞ்சும். மென்பொருள் நிறுவனங்களில் இருந்த இடத்திலேயே இருக்க விரும்புபவரை இருக்கவே விடுவதில்லை என்று மகள் சொல்கிறாள். நாற்பது வயதில் மேலே போகாதவர் ஆட்குறைப்புப் பட்டியலில் முதலில் வருவாராம். ஆகவே என்னுடைய நிறைவை என் குணத்தின் பெருமை என்று நான் எண்ணிக்கொள்வதில்லை. 1946இல் கல்கத்தாவில் வங்கி ஊழியர் சங்கம் அமைத்தவர்கள், 1966இல் முதல் இருதரப்பு ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்தவர்கள், வேலைநிறுத்தங்களில் சம்பளம் இழந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டிய தரையில் நின்றுகொண்டுதான் நான் போதும் என்கிறேன். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் ஒரு பெருந்தொழிலதிபர் சொன்னார். 2025இல் இன்னொருவர் அதை 90 ஆக்கினார். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டுகள் ஆன நாள் அது. வேலை நேரத்துக்கு எல்லையில்லாத இடத்தில் மனநிறைவு பற்றி யாரும் யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது.

என் கோப்பில் அந்த இரண்டு கடிதங்களும் அடுத்தடுத்து இருக்கும். முதல் கடிதத்தை எழுத நேர்ந்ததில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. இரண்டாவதை எழுதியதில் ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை. முதல் கடிதம் எழுத வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில்தான் இரண்டாவது கடிதத்துக்கு முழு அர்த்தம் வரும். மேலே போகும் கதவு திறந்திருந்து, அதைப் பார்த்துவிட்டு, இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னால்தான் அது ஒருவருடைய சொந்த முடிவு.

பதவி உயர்வு, இடமாற்றக் கொள்கைகளை வங்கிகள் சங்கங்களோடு பேசித்தான் வகுக்கின்றன. ஆகவே சங்கத் தோழர்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். முதல் பதவி உயர்வில் பெண்களுக்குச் சொந்த மாவட்டத்திலோ அடுத்த மாவட்டத்திலோ இடம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். மறுப்பவருக்கு விண்ணப்பிக்கும் உரிமையைச் சில ஆண்டுகள் பறிக்கும் விதியை நீக்கக் கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுப்பவள், அந்தக் குழந்தைக்குப் பத்து வயதாகும்போது மனம் மாறலாம். அப்போது அவளுக்கு வழி திறந்திருக்க வேண்டும்.